சூரிச்சிலிருந்து லுசேர்னுக்குக் குடும்பத்தோடு ஒரு நாள்: டிக்கெட் எடுப்பதிலிருந்து திரும்பும் ரயில் வரை

லுசேர்னில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் இலவசம். மரப்பாலம், கோட்டை மதில், சிங்கச் சிலை, ஏரிக்கரை எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. அப்படியிருந்தும் நான்கு பேர் உள்ள குடும்பம் ஒரே நாளில் முந்நூறு பிராங்கைச் செலவழித்துவிட்டு, கப்பலையும் தவறவிட்டு, அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவது அடிக்கடி நடக்கிறது. பணம் போவது ரயிலிலும் கப்பலிலும் பசி நேரத்து அவசரத்திலும்தான். இந்த மூன்றையும் வீட்டிலிருந்தே சரிசெய்துவிடலாம்.

சுவிஸுக்குப் புதிதாக வந்த குடும்பங்களையும், ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வரும் சொந்தங்களை அழைத்துப் போகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சூரிச் பிரதான நிலையத்திலிருந்து புறப்படுவதாகக் கணக்கு. கட்டணங்கள் இரண்டாம் வகுப்புக்கானவை. ஒவ்வொரு டிசம்பர் நடுவிலும் ரயில் அட்டவணை மாறும்போது விலையும் கொஞ்சம் நகரும். அதனால் வாங்குமுன் சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் ஒரு முறை பாருங்கள்.

1. டிக்கெட்டுக்கு முன்னால் அட்டை

சுவிஸில் முழு விலை கொடுத்து ரயிலேறுவது அவசியமில்லாத செலவு. இங்கே வசிக்கும் ஒவ்வொரு பெரியவரிடமும் ஹால்ப்டாக்ஸ் என்ற அரை விலை அட்டை இருக்க வேண்டும். முதல் ஆண்டுக்கு 190 பிராங்க். ரயில், கப்பல், பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாவற்றிலும் பாதி விலை. மாதம் ஒரு முறை சூரிச்சை விட்டு வெளியே போகிற குடும்பத்துக்கே ஒரு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். ஒன்று கவனம்: நீங்களாக நிறுத்தாவிட்டால் அது தானாகப் புதுப்பிக்கப்பட்டு பில் வந்துவிடும். வேண்டாமென்றால் காலாவதிக்கு முன்பே அறிவிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு:

- 6 வயது முடியாதவர்களுக்கு டிக்கெட் வேண்டாம்.
- 6 வயதிலிருந்து 16 வயது முடியும் வரை அரை டிக்கெட்.
- அதே வயதுக்காரருக்கு ஜூனியர் கார்ட் எடுத்தால், செல்லுபடியாகும் டிக்கெட் வைத்திருக்கும் தாயோடோ தகப்பனோடோ ஆண்டு முழுவதும் இலவசம். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 30 பிராங்க்.

நம் குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த ஜூனியர் கார்டில்தான். அது பெற்றோரோடு போகும்போது மட்டுமே செல்லும். அம்மா வேலைக்குப் போய்விட, சித்தப்பாவோ மாமியோ அம்மம்மாவோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் செல்லாது. பரிசோதகர் குடும்பப் பெயரைப் பார்த்துக் கேட்பார். பெற்றோர் அல்லாதவர்களோடு போவதற்கு, அதே 30 பிராங்க் விலையில் கிண்டர் மிட்ஃபார்கார்டே என்று வேறொரு அட்டை இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் யாரோடு வெளியே போவார்கள் என்று யோசித்து, இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

ஊரிலிருந்து வந்த விருந்தினருக்கு ஒரு மாதம் செல்லும் ஹால்ப்டாக்ஸ் தனியாக உண்டு. விலை 150 பிராங்க். இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் அதை வாங்குவது நட்டம். இன்டர்லாக்கன், மலை, பெர்ன் என்று மூன்று நான்கு இடம் போகும் திட்டம் இருந்தால் வாங்கலாம். அதை வாங்கினால், வெளிநாட்டில் வசிக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு சுவிஸ் ஃபேமிலி கார்டை இலவசமாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் பலர் தருவதில்லை. சுவிஸ் டிராவல் பாஸ் குறைந்தது மூன்று நாளுக்குத்தான் விற்கப்படும். ஒரு நாள் பயணத்துக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

2. எந்த டிக்கெட் என்று கணக்குப் பாருங்கள்

சூரிச்சிலிருந்து லுசேர்னுக்கு ஒரு வழி முழு விலை சுமார் 27 பிராங்க். இரண்டு பெரியவர், 6 வயதுக்கு மேல் இரண்டு பிள்ளைகள் என்று வைத்தால், போய்வரக் கணக்கு இப்படி வரும்:

- எந்த அட்டையும் இல்லை: பெரியவர்களுக்கு 108, பிள்ளைகளுக்கு 54, மொத்தம் சுமார் 162 பிராங்க். பஸ்ஸும் கப்பலும் இதில் சேராது.
- பெரியவர்களுக்கு ஹால்ப்டாக்ஸ், பிள்ளைகளுக்கு ஜூனியர் கார்ட்: மொத்தம் சுமார் 54 பிராங்க். இதிலும் பஸ்ஸும் கப்பலும் இல்லை.
- ஹால்ப்டாக்ஸ் வைத்திருப்போர் முன்கூட்டியே எடுக்கும் ஷ்பார் டாகஸ்கார்டே: தொடக்க விலை ஒருவருக்கு 29, இருவருக்கு 58. ஜூனியர் கார்ட் பிள்ளைகள் இலவசம். ரயில், லுசேர்ன் நகரப் பேருந்து, ஏரிக் கப்பல் மூன்றும் உள்ளடக்கம்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள நான்கு பிராங்க் வித்தியாசத்தைப் பாருங்கள். கப்பலேறும் எண்ணம் இருந்தால் மூன்றாவதுதான் சரி. இது அந்த நாள் முழுவதும் நாட்டின் ரயில்களிலும், அதன் எல்லைக்குள் வரும் பஸ், கப்பல்களிலும் செல்லும் நாள் அட்டை. ஆனால் விலை நிலையானதல்ல. நாள் நெருங்க நெருங்க ஏறும். ஆறு மாதம் முன்பிருந்தே விற்பனையில் இருக்கும். இரண்டு மூன்று வாரம் முன்பே எடுத்துவிட்டால் மலிவான விலை கிடைக்க வாய்ப்பு அதிகம். திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க முடியாது, மழை வந்தாலும் அப்படித்தான். ஹால்ப்டாக்ஸ் இல்லாதவருக்குத் தொடக்க விலை 52 பிராங்க்.

செயலியில் விலை ஏறிவிட்டிருந்தால் உங்கள் கெமைண்டேயை, அதாவது நீங்கள் வசிக்கும் ஊரின் நிர்வாகத்தைக் கேளுங்கள். கெமைண்டேக்கள் விற்கும் நாள் அட்டை வேறு. பயணத்துக்குப் பத்து நாள் முன்பு வரை ஹால்ப்டாக்ஸோடு 39, இல்லாமல் 52 பிராங்க். அதற்குப் பிறகு, முதல் நாள் வரை 59 அல்லது 88. எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுதான், தீர்ந்தால் தீர்ந்ததுதான். இது எஸ்பிபி செயலியில் கிடைக்காது, கெமைண்டே மூலமாகத்தான் கிடைக்கும். ஹால்ப்டாக்ஸ் இல்லாத விருந்தினருக்கு, நாள் நெருங்கிய நிலையில் பெரும்பாலும் இதுவே மலிவு.

டிக்கெட்டில் செய்யப்படும் தவறுகள்:

- இசட்விவி சந்தா லுசேர்ன் வரை செல்லாது. சூரிச் வட்டார அட்டை அதன் கடைசி ஸோனோடு முடிகிறது. எல்லா ஸோனுக்கும் சந்தா இருக்கிறதே என்று ஏறினால் ஸூக் பக்கம் போகும்போது டிக்கெட் இல்லாதவராகிவிடுவீர்கள்.
- ஷ்பார் பில்லெட் என்ற மலிவு விலை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும். காலையில் போவதற்கு எடுக்கலாம். பிள்ளைகளோடு திரும்பும் நேரத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவே திரும்புவதற்கு எடுக்காதீர்கள்.
- ரயில் நகர்ந்த பிறகு செயலியில் வாங்கிய டிக்கெட் செல்லாது. ஓடி ஏறிவிட்டு இருக்கையில் உட்கார்ந்து வாங்கலாம் என்ற பழக்கம் இங்கே அபராதத்தில் முடியும். முதல் முறையே நூறு பிராங்கை ஒட்டி வரும், அடுத்தடுத்த முறை ஏறும்.
- சாதாரண டிக்கெட் லுசேர்ன் நிலையத்தோடு முடியும். அங்கே நகரப் பேருந்தில் ஏற வேறு டிக்கெட் வேண்டும். நாள் அட்டை இருந்தால் வேண்டாம்.

பிறந்தநாள், சொந்தக்காரர் வருகை என்று பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து போனால் குழு டிக்கெட் எடுத்து இடமும் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாமல் சனிக்கிழமை காலை பன்னிரண்டு பேர் ஒரே பெட்டியில் உட்கார இடம் தேடுவது நடக்காத காரியம்.

3. கைப்பையில் இருக்க வேண்டிய தாள்கள்

உள்ளூர்க்காரர்கள் ஹால்ப்டாக்ஸ் பதிவாகியிருக்கும் சுவிஸ்பாஸ் சிவப்பு அட்டையையோ செயலியில் அதன் வடிவத்தையோ காட்டினால் போதும். பிள்ளையின் ஜூனியர் கார்ட் அப்பாவின் தொலைபேசியில் மட்டும் இருந்து, அப்பா வேறு பெட்டியில் நின்றால் சிக்கல். அம்மாவின் தொலைபேசியிலும் காட்ட முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். பெயர் எழுதிய நாள் அட்டைக்கு அடையாள அட்டையும் வேண்டும். வதிவிட அனுமதி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷெங்கன் விசாவில் வந்திருக்கும் விருந்தினர் கடவுச்சீட்டின் அசலையே கொண்டு வரட்டும். சுவிஸ் ஷெங்கனுக்குள் இருப்பதால், பிரான்ஸுக்கோ ஜெர்மனிக்கோ எடுத்த ஷெங்கன் விசாவிலேயே இங்கே வந்து போகலாம். விசாவில் எழுதியிருக்கும் நாள்கணக்குக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிரிட்டனில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும், இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா தேவை. விண்ணப்பிக்க இனிமேல்தான் போகிறார்கள் என்றால்: கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து, குறைந்தது பதினைந்து நாள் முன்பாக விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் இந்தப் பதினைந்து நாளை நம்பி இருந்தால், நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே கடினம்.

4. எந்த நாள்

பள்ளி இல்லாத நாள்களில் சனிக்கிழமை நல்லது. சனியும் செவ்வாயும் காலையில் ரொய்ஸ் ஆற்றின் இரு கரையிலும் சந்தை கூடும். பாலாடைக்கட்டி, ரொட்டி, பழம் என்று பிள்ளைகள் நடந்துகொண்டே சாப்பிட ஏதாவது கிடைக்கும். ஞாயிறு கடைகள் அடைப்பு. நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். பொருள் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் ஞாயிறும் நல்லதுதான், ஆனால் மாலை ரயில் நிரம்பி வரும்.

ஃபாஸ்னாக்ட் என்ற முகமூடித் திருவிழா நாள்களில், அதாவது சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழனிலிருந்து செவ்வாய் வரை, சிறு பிள்ளைகளோடு போவதை ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். முகமூடிகளும் மேளமும் அழகுதான். ஆனால் தள்ளுவண்டி நகராது, கைக்குழந்தை அந்தச் சத்தத்தைத் தாங்காது.

கோடையில் மதியத்துக்குப் பிறகு இடி மழை சகஜம். ஏரியைச் சுற்றி நிற்கும் செம்மஞ்சள் எச்சரிக்கை விளக்குகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும், 90 முறை என்றால் புயல் எச்சரிக்கை. வேகமாக மின்னத் தொடங்கியதும் தண்ணீரில் இருப்பவர்கள் உடனே கரையேற வேண்டும். வானம் தெளிவாக இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள், மலைக்குப் பின்னாலிருந்து காற்று சில நிமிடங்களில் வந்துவிடும்.

குளிர்காலத்தில் கப்பல்கள் குறைவு, மதில் கோபுரங்களும் பூட்டியிருக்கும். அப்போது போக்குவரத்து அருங்காட்சியகத்தை மையமாக வைத்துத் திட்டமிடுங்கள்.

5. ரயிலில்

நேரடி ரயில்கள் மணிக்கு இரண்டுக்குக் குறையாமல் உண்டு. தல்வில், ஸூக் வழியாக ஏறக்குறைய முக்கால் மணி நேரம். 8 மணியை ஒட்டிய ரயிலைப் பிடித்தால் 9 மணிக்குள் லுசேர்னில் இருப்பீர்கள். இந்த ஒரு மணி நேர முந்துதல்தான் நாளின் மிகப் பெரிய லாபம். சுற்றுலாப் பேருந்துகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை இறக்கத் தொடங்கும்போது நீங்கள் மரப்பாலத்தைப் பார்த்து முடித்திருப்பீர்கள்.

ரயில் போகும் திசையில் முன்பக்கப் பெட்டிகளில் ஏறுங்கள். லுசேர்ன் தண்டவாளம் முடிகிற நிலையம், முன்பெட்டிதான் வாசலுக்குப் பக்கம். பின்பெட்டியில் ஏறிய குடும்பம் மேடை முழுவதையும் தள்ளுவண்டியோடு நடக்க வேண்டும். போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் ஸூக்கைத் தாண்டியதும் அந்த ஊர் ஏரி தெரியும். ரயிலில் வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட எந்தத் தடையும் இல்லை. காலைச் சாப்பாட்டை ரயிலிலேயே முடித்துவிடுவது நேரத்தைக் காக்கும்.

6. காலை: பாலம், ஆறு, மதில்

நிலையத்தின் கீழ்த்தளத்தில் பொருள் வைக்கும் பெட்டகங்கள் உண்டு. நீச்சல் துணி, மாற்றுடை, மாலைச் சாப்பாடு எல்லாவற்றையும் அங்கே போட்டுவிட்டு, தண்ணீர்ப் போத்தலும் மழைச் சட்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்து இடப்பக்கம் திரும்பி ஆற்றோரம் நடந்தால் சில நிமிடத்தில் கப்பெல்புரூக்கே. 200 மீட்டரைச் சற்றுத் தாண்டும் மூடிய மரப்பாலம். மேலே உத்தரங்களில் முக்கோண ஓவியங்கள் வரிசையாக இருக்கும். 1993 ஆகஸ்டில் பிடித்த தீயில் பல அழிந்தன. அதனால்தான் பாலத்தின் நடுப்பகுதியில் மரம் புதிதாகவும் ஓவியச் சட்டங்கள் வெறுமையாகவும் தெரியும். கருகிய ஓவியம் எங்கே என்று பிள்ளைகளைத் தேடச் சொன்னால் அவர்களே பாலத்தைக் கடந்துவிடுவார்கள்.

பெரும்பாலானோர் இங்கேயே படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். ஆற்றோடு இன்னும் ஐந்து நிமிடம் கீழ்நோக்கி நடந்து ஷ்ப்ராயர்புரூக்கே வரை போங்கள். அந்த இரண்டாவது மரப்பாலத்தின் பக்கத்தில் ஊசித் தடுப்பணை இருக்கிறது. நிறுத்திவைத்த நீண்ட மரக் கழிகளை ஒன்றொன்றாக எடுத்தும் வைத்தும் ஏரியின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். கழிகளின் இடுக்கு வழியே தண்ணீர் சீறிப் பாய்வதை ஒரு கை தூரத்தில் நின்று பார்க்கலாம். சிறு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ரொய்ஸின் ஓட்டம் வலிது. அந்தப் பாலத்து ஓவியங்கள் மரணத்தின் நடனத்தைக் காட்டுபவை. எலும்புக்கூடுகளைக் கண்டு பயப்படும் பிள்ளை என்றால் தலையை நிமிர்த்த வேண்டாமென்று சொல்லிக் கடந்துவிடுங்கள்.

அங்கிருந்து முசெக் மதிலுக்கு ஏற்றம். சுமார் 870 மீட்டர் நீளம், ஒன்பது கோபுரங்கள். அவற்றில் நான்கில் உள்ளே ஏறலாம், ஏப்ரல் தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை மட்டும். படிகள் ஒடுங்கியவை, செங்குத்தானவை. தள்ளுவண்டி முடியவே முடியாது. கைக்குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு ஏறலாம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஸித் கோபுரக் கடிகாரத்துக்கு நகரத்தின் மற்றக் கடிகாரங்களைவிட ஒரு நிமிடம் முந்தி மணியடிக்கும் உரிமை உண்டு. மணிக்குச் சற்று முன்னால் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் கூட வந்தால் மதிலை விட்டுவிட்டு, ஏரிப் பாலத்தைக் கடந்து சிங்கச் சிலைக்கு நடந்து போங்கள். நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை, மேடு அதிகமில்லை. பாறையில் குடைந்த பெரிய சிங்கம், முன்னால் குளம், சுற்றி இருக்கைகள். பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பக்கத்துப் பனியாற்றுப் பூங்காவுக்குக் கட்டணம் உண்டு. அங்கே இருக்கும் கண்ணாடிப் புதிர்வழி பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் அருங்காட்சியகமும் போவதாக இருந்தால் இரண்டுக்கும் நேரம் போதாது.

7. கப்பல்

கப்பல் துறைகள் நிலையத்துக்கு நேர் எதிரே, சாலையைக் கடந்தால் ஏரிக்கரையில். நேரங்களை எஸ்பிபி செயலியிலேயே பார்க்கலாம், டிக்கெட்டும் அதிலேயே. கரையில் நின்று கூவி விற்கப்படும் ஒரு மணி நேரச் சுற்றுகளுக்கு உங்கள் நாள் அட்டை செல்லுமா என்று கேட்காமல் ஏறாதீர்கள். அட்டவணைப்படி ஓடும் கப்பல்தான் உங்களுக்கு வேண்டியது.

சிறு பிள்ளைகள் என்றால் ஏரிக்கரை ஊரான வெக்கிஸ் வரை போதும். ஒரு வழி முக்கால் மணி நேரம் அளவில். இறங்கி ஐஸ்கிரீம் சாப்பிட்டு அடுத்த கப்பலில் திரும்பலாம். திரும்பும் கப்பல் எத்தனை மணிக்கு என்று இறங்கும் முன்பே பாருங்கள். தவறிவிட்டால் கலங்க வேண்டாம், வெக்கிஸிலிருந்து குஸ்நாக்டுக்குப் பஸ், அங்கிருந்து லுசேர்னுக்கு ரயில் உண்டு. நாள் அட்டை அதற்கும் செல்லும்.

அட்டவணையில் சக்கரக் குறி போட்டிருப்பவை நீராவிக் கப்பல்கள். இந்த ஏரியில் ஐந்து ஓடுகின்றன. மிகப் பழைய ஊரி 1901 இல் ஓடத் தொடங்கியது, கடைசியாகக் கட்டப்பட்ட ஷ்டாட் லுசேர்ன் 1928 இல். முடிந்தால் இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். கப்பலின் நடுவில் இயந்திரக் கூடம் திறந்தே இருக்கும். மினுங்கும் எஃகுத் தண்டுகள் காலடியில் ஏறி இறங்குவதை, எண்ணெய் வாசனையோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். மலைக் காட்சியைவிடப் பிள்ளைகள் இதைத்தான் வீட்டில் வந்து சொல்வார்கள்.

இங்கே ஒரு சங்கடம் அடிக்கடி நடக்கும். மேல்தளம் முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு காட்சி நல்லா இருக்கும் என்று குடும்பமாக மேலே ஏறி உட்கார்ந்தால், பரிசோதகர் வந்து கூடுதல் கட்டணம் கேட்பார் அல்லது கீழே அனுப்புவார். கீழ்த்தளத்தின் முன்பக்கத் திறந்த வெளியிலும் காட்சிக்குக் குறைவில்லை, ஆனால் பதினைந்து நிமிடம் முன்பே துறையில் வரிசையில் நிற்க வேண்டும். வெயில் நாளிலும் ஏரிக்காற்று குளிரும், பிள்ளைகளுக்கு ஒரு மேல்சட்டை வேண்டும். கப்பலின் உணவகப் பகுதியில் சொந்தச் சாப்பாட்டைப் பிரிக்காதீர்கள்.

ரிகி, பிலாத்துஸ் மலைகளையும் அதே நாளில் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். ரிகிக்கு விட்ஸ்னாவ் வரை கப்பலே ஒரு மணி நேரம், அதற்கு மேல் மலை ரயில் அரை மணி நேரம், திரும்பவும் அவ்வளவு. மூன்று மணி நேரம் பயணத்திலேயே போய்விடும். மலைக்கு வேறொரு நாள் வாருங்கள்.

8. மதியத்துக்குப் பிறகு: அருங்காட்சியகமா, ஏரிக்கரையா

இரண்டில் ஒன்றுதான்.

மழையோ குளிரோ என்றால் வெர்கேர்ஸ்ஹவுஸ், அதாவது போக்குவரத்து அருங்காட்சியகம். ஆண்டு முழுவதும் 10 மணிக்குத் திறக்கும். கோடையில் மாலை 6 வரை, குளிர்காலத்தில் 5 வரை. நிலையத்திலிருந்து 6, 8, 24 இலக்கப் பேருந்துகள், பத்து நிமிடம். பெரியவருக்கு 35 பிராங்க் அளவில், 6 முதல் 16 வயது வரை அதில் பாதிக்கும் குறைவு, 6 வயதுக்குக் கீழே இலவசம். திரைப்படம், கோளரங்கம், சாக்லேட் சவாரி எல்லாம் சேர்ந்த நாள் டிக்கெட்டின் விலை ஏறக்குறைய இருமடங்கு. முதல் முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம். ரயில் எஞ்சின்கள், முற்றத்தில் நிற்கும் கொரனாடோ விமானம், வெளியே விளையாட்டிடம் என்று மூன்று மணி நேரம் எளிதாகப் போய்விடும். அதனால் இரண்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். நான்கு மணிக்குப் போய் அத்தனை பணத்தைக் கட்டாதீர்கள்.

வெயில் என்றால் உஃப்ஷொட்டி. நிலையத்திலிருந்து கேகேஎல் என்ற கலையரங்கக் கட்டடத்தின் பின்பக்கமாகக் கரையோடு கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நடை. மணல், புல்வெளி, விளையாட்டிடம், ஏரியில் இறங்க மெல்லிய சரிவு. நுழைவு இலவசம். லீடோ என்ற இன்னொரு குளிக்கும் இடத்தில் எல்லா வசதியும் உண்டு, ஆனால் கட்டணம். எங்கே இறங்கினாலும் ஏரி நீர் ஊர்க் கடல் போலச் சூடாக இருக்காது. நீச்சல் தெரியாத பிள்ளைகளோடு ஒரு பெரியவர் கட்டாயம் தண்ணீரில் நிற்க வேண்டும், கரையிலிருந்து பார்ப்பது போதாது.

9. சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை

உணவகத்தில் உட்கார்ந்தால் ஒரு தட்டுக்கு 25 பிராங்குக்கு மேல். நான்கு பேருக்கு ரயில் செலவைவிடக் கூடிவிடும். புளிச்சாதம், சப்பாத்தி உருட்டல், அவித்த முட்டை, ரோல்ஸ் என்று கட்டிக்கொண்டு போவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். இங்கே எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இன்செலி பூங்கா நிழலோடு இருக்கும். கப்பலுக்கு முன்பாக, 12 மணிக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பசித்த பிள்ளை கப்பலில் ஏறினால் காட்சியும் இல்லை, இயந்திரமும் இல்லை.

தண்ணீர் வாங்க வேண்டாம். தெருவெங்கும் இருக்கும் நீரூற்றுக் குழாய்களில் போத்தலை நிரப்பலாம். கைன் ட்ரிங்க்வாஸர் என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. நிலையக் கழிப்பறைக்குக் காசு. கப்பலிலும் அருங்காட்சியகத்திலும் இலவசம், இறங்கும் முன் எல்லாரையும் ஒரு முறை அனுப்பிவிடுங்கள். அன்னங்களுக்கு ரொட்டி போட வேண்டாம், அவற்றின் உடலுக்குக் கேடு, கூட்டம் சேர்ந்தால் பிள்ளைகளின் கையையும் கொத்தும்.

10. ஜெர்மனியிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் காரில் வருகிறவர்களுக்கு

நெடுஞ்சாலையில் ஓட்டத் தேவைப்படும் கட்டண வில்லையான வின்யெட் 40 பிராங்க். ஒரு நாளுக்கான வின்யெட் கிடையாது, ஆண்டுக்குத்தான். எண் தகட்டோடு இணையும் மின் வின்யெட்டை இணையத்தில் வாங்கினால் எல்லையில் நிற்க வேண்டாம். ஒரே பயணத்துக்காக வாங்கும்போது அதே ஆண்டில் இன்னொரு முறை வருவீர்களா என்று யோசியுங்கள். இறைச்சிக் கறி கட்டிக்கொண்டு வந்தால் இறைச்சி ஒருவருக்கு ஒரு கிலோ வரைதான் வரியில்லாமல் விடுவார்கள்.

லுசேர்ன் நகருக்குள் காரைக் கொண்டு போகாதீர்கள். நிலையத்தைச் சுற்றியுள்ள நிறுத்தகங்கள் சனிக்கிழமை பதினொரு மணிக்கே நிறைந்துவிடும், கட்டணமும் கூடுதல். ரோட்குரொய்ட்ஸ் போன்ற சிறு நிலையத்தில் நிறுத்திவிட்டு ரயிலேறினால் கால் மணி நேரத்தில் நகரின் நடுவில் இருப்பீர்கள். யூரோ நோட்டைப் பல கடைகள் வாங்கும், மீதியைப் பிராங்கில் தரும், மாற்று விலை உங்களுக்குச் சாதகமாக இருக்காது. அட்டையில் கட்டுங்கள்.

11. திரும்பும் ரயில்

வார நாளில் 5 முதல் 6.30 வரை வேலை முடிந்து போகிறவர்களால் ரயில் நிறையும். நாலரைக்கு முன்பாகவோ ஏழுக்குப் பிறகோ ஏறினால் நான்கு பேரும் சேர்ந்து உட்காரலாம். லுசேர்னில் வாசலுக்குப் பக்கத்துப் பெட்டிகளில் எல்லாரும் முண்டியடிப்பார்கள். மேடையின் கடைசி வரை நடந்தால் இடம் இருக்கும், சூரிச்சில் அதுவே முன்பெட்டியாக வந்து சேரும்.

நாள் அட்டை எடுக்காமல், ஏறும்போது தொடங்கி இறங்கும்போது நிறுத்தினால் கட்டணத்தைத் தானாகக் கணக்கிடும் செயலியின் ஈஸிரைடில் வந்தவர்கள் தொலைபேசி மின்கலத்தைக் கவனியுங்கள். படமெடுத்துப் படமெடுத்து மாலையில் தொலைபேசி அணைந்துவிட்டால் கையில் டிக்கெட் இல்லை என்றே கணக்கு. இருபது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நிலையத்து இயந்திரத்தில் சாதாரண டிக்கெட் எடுத்துவிடுங்கள். சூரிச்சில் இறங்கியதும் ஈஸிரைடை நிறுத்தவும் மறக்காதீர்கள், தூங்கிய பிள்ளையைத் தூக்கும் அவசரத்தில் அப்படியே ட்ராமில் ஏறினால் அந்தப் பயணமும் பில்லில் சேர்ந்துவிடும்.